காயிதக்காரன் மகள்

எனக்குப் பேசின நகை பதினைந்து சவரன். வந்தது பன்னிரண்டு. மீதி மூன்று சவரனுக்குப் பதிலாக என் அப்பா நான்கு காகிதங்களைக் கொண்டுவந்து சீர்த்தட்டில் வைத்தார்.

பிரெஞ்சுக்காரன் கையெழுத்துப் போட்டுப் புதுச்சேரியை முழுசாக விட்டுப் போன மறுவருடம் அது. அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாகச் சைகோன் வரைக்கும் போய்விட்டு, பென்ஷனோடு அரியாங்குப்பத்துக்குத் திரும்பினவர். எங்கள் பக்கத்தில் சொல்தா வீட்டுப் பெண் என்றால் கொஞ்சம் கூடுதலாகத்தான் எதிர்பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீடு வில்லியனூருக்குப் பக்கத்தில், கோயிலைச் சுற்றி நாலு தெரு உள்ள கிராமம். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். மாமனார் அப்போதே இல்லை. வீட்டில் எல்லாம் மாமியார்தான்.

மாமியார் அந்தக் காகிதத்தில் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா இது? பட்டம் வுடறதுக்கா?"

"இது மூணு சவரனுக்கு மேலயே பெறும் சம்மந்திம்மா" என்றார் அப்பா. "பிரான்ஸ்ல இன்சூரன்ஸ் கம்பெனி ஒண்ணு. இந்த நாலு காயிதமும் கையில இருக்கிற வரிக்கும் அந்தக் கம்பெனியில என் பொண்ணுக்கும் பங்கு உண்டு. வருஷா வருஷம் காசு வரும்."

"கம்பெனி எங்க இருக்குது?"

"பிரான்ஸ்ல."

"அவன்தான் மூட்டையக் கட்டினு பூட்டானே."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் அவர் காது சிவந்துபோயிருந்ததை நான் உள்ளேயிருந்து பார்த்தேன். எனக்கு அந்த இடத்திலேயே எழுந்துவந்து, இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. கத்தியிருப்பேன். ஆனால் மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. அதற்கப்புறம் நின்றுபோகிற கல்யாணம் ஊர் வாயில் எத்தனை வருடம் அரைபடும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் பின்வரிசையில் புது வேட்டியில் நின்றிருந்த மாப்பிள்ளை, "எம்மா, பூசைக்கு நேரமாவுது" என்றார். அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். அந்த மனுஷனை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

அன்றிலிருந்து என் அப்பாவுக்கு அந்த வீட்டில் வைத்த பேர் காயிதக்காரன். அப்பா வாய் நிறைய "சம்மந்திம்மா" என்று கூப்பிடுவார். மாமியார் பதிலுக்கு ஒரு தரம்கூடச் சம்பந்தி என்று சொன்னதில்லை. அப்பா எதிரில் இருந்தால் "வாபா, குந்துபா" என்பதோடு சரி. அவர் தலை மறைந்ததும் காயிதக்காரன். நான் எதையாவது கீழே போட்டு உடைத்தால் காயிதக்காரன் மகள்.

காகிதம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்து வரைபடத்தில் பாதி அளவு, கெட்டியான தாள். மேல் பாதியில் ஒரு படம். நீள அங்கி போட்ட ஒரு பெண், கையில் நங்கூரம், பின்னால் ஒரு கப்பலும் ஒரு மாடி வீடும். அதற்குக் கீழே பிரெஞ்சு எழுத்து. தாளின் கீழ்ப் பாதியில் தபால்தலை மாதிரி கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றிலும் ஒரு எண். அதைக் கூப்பான் என்பார்கள். வருடத்துக்கு ஒரு தரம், கம்பெனி அறிவிப்பு வந்ததும், அந்த வருடத்து எண் உள்ள கட்டத்தை மட்டும் கத்தரித்து, கடற்கரைப் பக்கம் இருந்த பேங்கில் கொடுத்தால் காசு தருவார்கள். அப்பாவோடு நானும் பிரெஞ்சு நேசனாலிட்டியை வைத்துக்கொண்டவள். அதனால் அந்த பேங்கில் என்னை யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

முதல் வருடம் கத்தரிக்க அப்பாவே பஸ் ஏறி வந்தார். மீசை வெட்டும் சின்னக் கத்தரிக்கோலைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார்.

"இது பாலு" என்றார் அந்தத் துண்டைக் காட்டி. "காயிதம் பசு மாடு. பால எவ்வளவு வேணா கற. மாட்ட மட்டும் வித்துடாத."

அந்த வருடத்துப் பாலில் ஒரு கறுப்புக் குடை வாங்க முடிந்தது. வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து ராணி மாதிரி நடந்துவந்தேன். வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"மூணு சவரன் கொடையாப் பூடுச்சா?"

நான் குடையை டப்பென்று மடக்கினேன். அப்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வரும்.

என் பன்னிரண்டு சவரன் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். முதல் இரண்டு சவரன் விதைக்கரும்புக்கு வில்லியனூர் அடகுக்கடைக்குப் போயிற்று. அப்புறம் கிணற்றுக்கு, மோட்டாருக்கு, நாத்தனார் பிரசவத்துக்கு. சில நகை திரும்பி வந்தது, பல வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நகை என்றால் அப்படித்தான், போகும் வரும். அந்த நான்கு காகிதம் மட்டும் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. நான் கட்டிக் காத்தேன் என்று பெருமையடித்துக்கொள்ளத் தோன்றும். உண்மை என்னவென்றால், என் வீட்டுக்காரர் ஒரு தரம் ஆத்திர அவசரத்துக்கு அதையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்குது, கண்ணாடி போட்டு மாட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு கோடையில் எங்கள் ஊரில் கூரைத் தெரு பற்றிக்கொண்டது. மத்தியானத்தில் ஒரு அடுப்புப் பொறி, காற்று வேறு, ஒரு பக்கத்து வீடுகள் மொத்தமும் போய்விட்டன. மனுஷர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் எங்கள் களத்தில் வந்து தங்கியிருந்தார்கள். நானும் மாமியாரும் கஞ்சி காய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"இதுக்கு உங்கப்பன் கம்பெனி இன்னா பண்ணும்?"

"நம்ம ஊருக்கு ஒண்ணும் பண்ணாது அத்தே. பிரான்ஸ்ல காசு கட்டினவங்க வூடு எரிஞ்சா, புதுசா கட்டிக்கப் பணம் குடுக்கும்."

மாமியார் அகப்பையால் கஞ்சியை ஒரு கிளறு கிளறினார். "அப்பிடின்னா அங்க வூடு எரிஞ்சா கம்பெனி குடுக்கணும். கம்பெனி குடுத்தா உனக்கு வர்றது கொறையும்."

"ஆமாம்."

"அங்க கூரை வூடு இருக்குதா?"

"இல்ல, எல்லாம் கல்லு வூடு."

"அப்பப் பொழைச்சுது" என்றார்.

அன்றைக்கு ராத்திரி ஜெபமாலை முடிந்ததும் வழக்கமான வேண்டுதல்களெல்லாம் சொல்லப்பட்டன. மழைக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று, வீடு இழந்தவர்களுக்கு ஒன்று. கடைசியில் மாமியார் கண்ணை மூடியபடியே, "பிரான்சு தேசத்துல நெருப்பு பத்தாம இருக்கணும்னு ஒரு அருள்நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். நான் மறுநாள் மாமியாரிடம் ஏன் என்று கேட்டதற்கு, "அங்கயும் மனுஷங்கதான இருக்காங்க, பாவம்" என்று எனக்கே புத்தி சொன்னார். அதற்குப் பிறகு அந்த வேண்டுதல் ஒரு நாளும் தவறவில்லை. மழைக்காலத்தில் அது, "கப்பல் முழுகாம இருக்கணும்" என்று மாறும். கம்பெனி கப்பலுக்கும் பணம் தரும் என்று நான்தான் வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

இத்தனை வேண்டியும் காயிதக்காரன் காயிதக்காரனாகவேதான் இருந்தார்.

மழை பொய்த்த ஒரு வருடம். கிணறு வற்றிப்போய், கரும்பு கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது. கிணற்றை ஆழப்படுத்தியே ஆகவேண்டும். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "அந்தக் காயிதத்த பேங்குலயே வாங்கிக்கிறாங்களாமே. குடுத்துடலாமா?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "பன்னெண்டு சவரன் போன எடத்துக்கு இதுவும் போவணுமா? அதெல்லாம் நகை, போச்சு. இது எங்கப்பா மானம். இத வித்துட்டா நாளைக்கு இந்த வூட்ல என்னா பேசுவாங்க? மூணு சவரனுக்கு ஏமாத்திட்டு நாலு தாளக் குடுத்தான், அதுவும் பூடுச்சுன்னுதான பேசுவாங்க?"

கத்தி முடித்த பிறகுதான் மாமியார் அடுப்படியில் இருப்பது ஞாபகம் வந்தது. அங்கே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு கிடேரிகளை விற்றுக் கிணற்றை வெட்டினார். காகிதத்தை விற்கலாமா என்று அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. எனக்கு அந்தக் காசு பெரிதல்ல. என் அப்பா ஏமாற்றவில்லை என்று அந்த வீட்டில் ஒரு நாள் ஒருத்தர் வாயால் வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வருடமோ அதற்கும் அடுத்த வருடமோ, ஒரு கூப்பானுக்குக் காசே வரவில்லை. அதற்குப் பதிலாகக் கம்பெனி இரண்டு காகிதத்துக்கு ஒரு காகிதம் இனாமாகக் கொடுத்தது. எங்கள் நான்குக்கு இரண்டு. அப்பா அவற்றை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். "மாடு கன்னு போட்டுடுச்சும்மா!"

மாமியார் எட்டிப் பார்த்தார். "காயிதம் காயிதமாவே போடுது. ஒரு தரமாவது காசாப் போடக்கூடாதா?"

அதுதான் அப்பா எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தது. அடுத்த தவசுகாலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், படுத்த நாலாம் நாள் போய்விட்டார். மாமியார் அரியாங்குப்பத்துக்கு வந்து, மூன்று நாளும் இருந்து, வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார். என் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தார். அதையெல்லாம் நான் மறக்கமாட்டேன். ஆனால் திரும்பி வருகையில் பஸ்ஸில், "காயிதக்காரன் பூட்டான், பாவம்" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பாவின் சின்னக் கத்தரிக்கோல் என்னிடம் வந்தது. வருடா வருடம் நானே வெட்டினேன். வெட்ட வெட்டத் தாளின் கீழ்ப் பாதி குறைந்துகொண்டே வந்து, ஒரு வருடம் கடைசிக் கூப்பானும் தீர்ந்தது. அடியில் எழுத்து நிறைந்த ஒரு பட்டை மட்டும் மிஞ்சியது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் நான் படித்த பிரெஞ்சு ஜெபம் சொல்லத்தான் உதவும், அந்தப் பட்டையைப் படிக்க உதவவில்லை. பேங்கில் காசை எண்ணிக் கொடுத்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் கட்டமெல்லாம் தீர்ந்தால் கார்டு தீர்ந்தது என்றுதானே அர்த்தம்? நாங்கள் இதையும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

அன்றைக்கு நான் அழுதேன். அப்பா செத்ததற்கு அழுததைவிட அதிகமாக அழுதேன் என்று தோன்றுகிறது. மாடு மாடு என்று சொல்லிவிட்டு, கடைசியில் இவ்வளவுதானா என்று அவர்மேலேயே கோபம் வந்தது. மாமியார் குத்திக்காட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குத்திக்காட்டவில்லை. மாறாக, "அந்த நங்கூரத்தம்மா படத்துல ஒண்ணு குடேன்" என்று கேட்டார்.

எங்கள் கோயிலில் பக்கப் பீடத்தில் ஒரு அர்ச்சிஷ்டவளின், புனிதையின், சுரூபம் உண்டு. நீள அங்கி, கையில் நங்கூரம். அந்த நங்கூரத்தோடுதான் அவளை ஆற்றில் தள்ளினார்கள் என்று கதை. மாமியாருக்கு அவள்மேல் தனி பக்தி. காகிதத்தில் இருந்ததும் அவள்தான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பட்டம் என்று கேலி பேசியதற்கு மனசுக்குள் பயந்தும் இருந்திருப்பார் போல. இனி செல்லாத தாள்தானே என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கஞ்சி காய்ச்சி, வீட்டுப் பீடத்துக்கு மேலே சுவரில் சுருக்கம் இல்லாமல் ஒட்டினார். தினம் மெழுகுதிரியும் செம்பருத்தியும் வைத்தார். சினை மாடு ஒன்று கஷ்டப்பட்டுப் பிழைத்தபோது, படத்து அம்மாதான் காப்பாற்றினாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரிகளும் வந்து கும்பிட்டார்கள். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்னால் அத்தனை பேர் முழங்காலில் நின்றது உலகத்திலேயே எங்கள் வீட்டில்தான் இருக்கும்.

மறுவருடம் என் அம்மாவின் பென்ஷன் விஷயமாக பேங்குக்குப் போயிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த வயசான கிளார்க் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இந்த வருஷம் கூப்பான் எடுத்தாரலியே மதாம்?"

"அதான் தீந்துபோச்சே சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "கூப்பான்தான் தீரும். கம்பெனி எப்பிடித் தீரும்? அடியில ஒரு பட்டை இருக்குமே, அது புதுத் தாள் வாங்கறதுக்கு. ஆறையும் முழுசா எடுத்தாங்க, பாரீசுக்கு அனுப்பிப் புதுக் கூப்பான் ஒட்டி வாங்கித் தர்றேன். முழுசா இருக்கணும், அதான் முக்கியம்."

பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆறில் ஒன்று கஞ்சியோடு சுவரில் இருக்கிறது.

மாமியார் கையை அகல விரித்துக்கொண்டு பீடத்தை மறைத்து நின்றார். "எடுக்கக் கூடாது. வூட்டுக்கு ஆவாது."

"அத்தே, அது நம்ம அம்மா இல்ல. கம்பெனிக்காரன் போட்ட பொம்பள."

"கையில நங்கூரம் வெச்சிருக்கா. வேற யாருடி நங்கூரம் வெச்சிருப்பா?"

"கப்பலுக்கு இன்சூரன்ஸ் குடுக்கிறவன் நங்கூரம் போடாம கலப்பையா போடுவான்?"

இப்படியே இரண்டு நாள் போனது. இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போய், மாதா கோயில் பக்கத்துக் கடையில் நிஜமான நங்கூரத்தம்மா படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு வாங்கிவந்தார். சாமியாரிடம் கொடுத்து மந்திரித்தும் கொண்டுவந்துவிட்டார். அதைப் பீடத்தில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"இவங்க இங்க இருக்கட்டும். அவங்க ஊருக்குப் போயிட்டு வரட்டும்."

மாமியார் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புதுப் படத்து அம்மா கலரில் இருந்தாள். கடைசியில், "வேற யாரும் கை வெக்கக் கூடாது. நானே எடுக்கறேன்" என்றார்.

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, சுவரில் ஒற்றி ஒற்றி எடுத்தார். கஞ்சி ஊற ஊற, ஓரத்திலிருந்து நகத்தால் தள்ளிக்கொண்டே வந்தார். வேண்டிக்கொண்டே எடுத்தார் என்பது உதட்டைப் பார்த்தால் தெரிந்தது. நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தேன். அடிப்பட்டையைத் தாண்டும்போது விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். பட்டை முழுசாக வந்துவிட்டது. மேலே நங்கூரத்தின் முனையில் மட்டும் கடுகளவு தாள் சுவரோடு நின்றுபோயிற்று. ஈரத்தாளைக் கையில் ஏந்திக்கொண்டு மாமியார், "போதுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது.

பேங்கில் கிளார்க் தாளை முகர்ந்து பார்த்தார். "இன்னா மதாம், சாப்பாட்டு வாசன வருது?" என்றார். நான் ஒன்றும் தெரியாதவள்போல் நின்றேன். சில மாதத்தில் ஆறு தாளும் புதுக் கூப்பான்களோடு திரும்பி வந்தன. விட்டுப்போன வருடத்துக் காசும் சேர்ந்தே கிடைத்தது.

அதற்கப்புறம் வந்த வருடங்கள் நல்ல வருடங்கள். பால் கூடிக்கொண்டே போனது. முதலில் குடை வாங்கிய காசு, பிறகு என் பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு ஆயிற்று, அப்புறம் வீட்டுக்குச் சிமெண்ட் தரை போட்டது. நாங்கள் செய்ததெல்லாம் சும்மா இருந்ததுதான். கரும்புக்கு ஓடிய ஓட்டத்தில் கால்வாசிகூட இதற்கு ஓடவில்லை. கூப்பான் வெட்டுகிற அன்றைக்கு மாமியார் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். வெட்டி முடிக்கும் வரை யாரையும் பேச விடமாட்டார். பிரான்ஸில் நெருப்பு பற்றாமல் இருக்கவேண்டும் என்ற ஜெபமும் நடந்துகொண்டேதான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பேங்கில் புதுசாக ஒன்று சொன்னார்கள். இனிமேல் காகிதமே கிடையாதாம். எல்லாரும் தாளைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடவேண்டும். பங்கு கணக்கில் இருக்கும், காசு தானாக வந்து விழும்.

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "தங்கம் காயிதமாச்சு. இப்பக் காயிதமும் ஒண்ணுமில்லாம ஆச்சா?" ஆனாலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு தாளையும் ஒவ்வொன்றாக வாங்கி, நங்கூரத்தம்மாவைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்து, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

ஒப்படைக்கிற அன்றைக்குத்தான் கிளார்க் ஒரு துண்டுச்சீட்டில் இன்றைய விலை என்று எழுதிக் காட்டினார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பங்கை விற்றால் மூன்று சவரனுக்கு மேலேயே வரும். அதாவது, கன்றுகள் இரண்டை மட்டும் விற்றால் போதும். அப்பா கொடுத்த நான்கு அப்படியே இருக்கும். அப்பா சொன்ன அதே வார்த்தை, மூன்று சவரனுக்கு மேலேயே. எனக்கு வீட்டுக்காரரைக் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இருபது வருடத்துக்கு மேல் மனசில் போட்டு வைத்திருந்ததை அன்றைக்கே செய்துவிட்டேன். பணம் வந்து சேர்ந்ததும் டவுனில் நகைக்கடைக்குப் போய், மூன்று சவரனில் ஒரு சங்கிலி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்து முறத்தில் கடலை சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கியிருந்தது. முறத்தை நகர்த்திவிட்டுச் சங்கிலியை அவர் மடியில் வைத்தேன்.

"இன்னாடி இது?"

"எங்கப்பா பாக்கி வெச்ச மூணு சவரன். எடுத்துக்குங்க அத்தே. கணக்கு தீந்துது."

இதைச் சொல்லும்போது எப்படிச் சொல்லவேண்டும், முகத்தை எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்றெல்லாம் நான் பல வருடமாக ஒத்திகை பார்த்திருந்தேன். நிமிர்ந்துதான் நின்றேன். மாமியார் சங்கிலியை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், இல்லாவிட்டால் வெட்கம். இரண்டும் வரவில்லை.

"ஏது காசு?"

"ரெண்டு கன்ன வித்தேன்."

"எந்தக் கன்னு? தொழுவத்துல எல்லாம் இருக்குதே."

"காயிதம் போட்ட கன்னு."

மாமியார் கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் எறிந்தார். "அறிவு இருக்குதாடி உனக்கு? போயும் போயும் தங்கத்துக்கா அத வித்த? இது பாலு குடுக்குமா? இது கன்னு போடுமா? கழுத்துல போட்டா திருடன் வருவான், பொட்டியில போட்டா அடகுக்கடைக்குப் போவும். உன்னுது பன்னெண்டும் எங்க போச்சுன்னு பாத்த இல்ல?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்கதான அத்தே இத்தன வருஷமா மூணு சவரன் மூணு சவரன்னு..."

"நான் ஆயிரம் சொல்லுவேன். சொன்னா வித்துடுவியா?" மூச்சு வாங்கியது அவருக்கு. சங்கிலியை என் பக்கம் நீட்டி ஆட்டினார். "சம்மந்தி உசுரோட இருந்திருந்தா இத விக்க வுட்டிருப்பாரா?"

வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் செம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். காயிதக்காரனைச் சம்மந்தி என்று சொல்லிவிட்டது மாமியாருக்கே தெரியவில்லை. அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே இருந்தார். மீதி நாலைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றார், தான் கண்ணை மூடினாலும் தொடக்கூடாது என்றார், பேத்தி கல்யாணத்தில் நகை கேட்பவன் நகையை வாங்கிக்கொண்டு போகட்டும், அந்த நாலும் அவள் பேரில்தான் இருக்கவேண்டும் என்றார்.

நான் அவர் எதிரில் உட்கார்ந்து முறத்தை இழுத்துவைத்துக்கொண்டு மல்லாட்டை உரிக்க ஆரம்பித்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு அவர் இன்னும் எவ்வளவு நேரம் திட்டினாலும் கேட்டுக்கொண்டிருக்க எனக்குச் சம்மதமாக இருந்தது.